வசனக் கடையில் ஒரு மதியம்: பணியாரம் பிரமாதம், சுவரில் சில பெயர்களைத்தான் காணோம்

காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு பழைய வீட்டில் மதியச் சாப்பாட்டுக் கடை ஒன்று நடக்கிறது. பலகையில் வேறு பெயர் இருக்கிறது, ஆனால் ஊரில் எல்லாரும் 'வசனக் கடை' என்றுதான் சொல்கிறார்கள், ஆட்டோக்காரரிடமும் அப்படிச் சொன்னால்தான் புரிகிறது. பலகைப் பெயரை நானும் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் குறைகளும் சொல்லப் போகிறேன், நல்ல மனதோடு நடத்துகிற கடைக்கு என்னால் பாதிப்பு வரக்கூடாது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் கேட்டு விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பச்சியையும் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பச்சிக்கு 78 வயது, வெளியில் சாப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. "வசனம் எழுதி வச்சிருக்காங்களாம் அப்பச்சி" என்று சொன்ன பிறகுதான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டை அதிகம் மாற்றவில்லை. முகப்பில் கை கழுவும் இடம், உள்ளே வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிப் பந்தி போல மேசைகள், கீழே ஆத்தங்குடிக் கல், நடுவில் வெயில் நேராக இறங்குகிறது. சுவர் அந்தக் காலத்து முட்டை வெள்ளைப் பூச்சு, இன்னும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தேன். மேலே உத்தரத்திலிருந்து நூல் கட்டி, கல்யாணப் பத்திரிகை அளவில் அட்டைகளைத் தொங்க விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம், கீழே அது எந்தப் படம், எந்த வருஷம், யார் பேசியது, எப்படி ஊர் முழுக்கப் பரவியது என்று நாலைந்து வரி. மேசைகளுக்கு எண் கிடையாது, தலைக்கு மேல் தொங்கும் அட்டைதான் அடையாளம். "கட்டபொம்மனுக்கு ரெண்டு கோலா உருண்டை, பரட்டைக்கு ஒரு ரசம்" என்று பரிமாறுகிற தம்பி உள்ளே குரல் கொடுக்கும்போது மற்ற மேசைக்காரர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

இந்தக் கடை இந்த ரஸ்தாவில் இருப்பது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1940களில் இதே தேவகோட்டை ரஸ்தாவில்தான் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். 1948ல்தான் ஏவிஎம் சென்னை வடபழநிக்குப் போனது. அப்பச்சியின் சின்ன வயதில், படம் எடுப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம் என்று சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்களாம். முகப்பில் இதற்கென்று ஒரு பெரிய அட்டை வைத்திருக்கிறார்கள், நல்ல வேலை.

முதலில் சாப்பாடு. வெள்ளைப் பணியாரம் நாலு, வரமிளகாய்த் துவையலோடு. இதைச் சரியாகச் செய்கிற கடை எங்கள் ஊரிலேயே குறைவு. பச்சரிசியை உழக்கில் அளந்து அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாக வைத்து எடுப்பதுதான் எங்கள் வீட்டு அளவு, மாவை வெண்ணெய் போல ஆட்ட வேண்டும், எண்ணெய் கொஞ்சம் காய்ந்துவிட்டாலும் ஓரம் சிவந்துவிடும். இங்கே வந்தது நிலா மாதிரி வெள்ளை, ஓரத்தில் மட்டும் மெல்லிய சரிகை போல மொறுமொறுப்பு, பிட்டால் நடுவில் பஞ்சு. அப்பச்சி ஒன்றும் சொல்லாமல் மூன்றாவதை எடுத்தார், அவரிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான். வெண்டைக்காய் மண்டி அரிசி களைந்த தண்ணீரிலேயே வைத்தது, புளி அளவாக இருந்தது, சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது. உப்புக்கறியில் கறி வெந்திருந்தது, ஆனால் மிளகாய் கொஞ்சம் அதிகம். செட்டிநாடு என்றால் காரம்தான் என்று வெளியூர்க்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதற்காக இங்கேயும் காரத்தைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்களோ என்று எனக்கு வருத்தமாக இருந்தது. கோலா உருண்டை வர முக்கால் மணி நேரம். மகன் தலைக்கு மேல் இருந்த அட்டையைக் காட்டி "வரும், ஆனா வராது" என்றான், அது என்னத்தே கன்னையா வடிவேலுவோடு 2007ல் 'தொட்டால் பூ மலரும்' படத்தில் பேசியது. 1967ல் 'நான்' படத்தில் 'என்னத்தே' என்று இழுத்துப் பேசியதால் கன்னையா என்ற பேருக்கு முன்னால் அந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டது, நாற்பது வருஷம் கழித்து அதே மனிதர் இன்னொரு வசனத்தையும் ஊருக்குக் கொடுத்தார். இதையெல்லாம் அந்த அட்டையில் அழகாக எழுதியிருக்கிறார்கள். வந்த உருண்டை நன்றாகவே இருந்தது, பொட்டுக்கடலை வாசம் தூக்கலாக.

சரி, சுவருக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஒரு வசனம் எங்கிருந்து வந்தது என்பதைவிட அது நம் வாய்க்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான விஷயம், இந்தக் கடை அதில் சில இடங்களில் நிஜமாகவே உழைத்திருக்கிறது. 'என்ன கொடுமை சார் இது' அட்டையைப் பாருங்கள். இதைச் சொல்லாதவர்கள் இல்லை, கேட்டால் 'சந்திரமுகி' என்பார்கள். அந்த 2005 படத்தில் பிரபு சொல்வது 'என்ன கொடுமை சரவணன் இது'. ரஜினியின் பாத்திரத்துக்குச் சரவணன் என்று பெயர், கதையில் அழுத்தமான இடம், சிரிப்பே கிடையாது. இரண்டு வருஷம் கழித்து 'சென்னை 600028'ல் பிரேம்ஜி அதைத் தன் பாணியில் 'சார்' போட்டுத் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் இன்றைய வடிவம் நிலைத்தது. மகன் ஒத்துக்கொள்ளவே இல்லை, செல்போனில் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டான். சரவணனை எடுத்துவிட்டுச் சாரைப் போட்டதும் யாரும் யாரிடமும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது பாருங்கள், பேர் இருந்திருந்தால் இத்தனை வருஷம் ஓடியிருக்குமா என்று அவனிடம் கேட்டேன்.

அதே போல 'நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே'. 1965ல் வந்த 'திருவிளையாடல்' என்று மட்டும் போட்டு விட்டுவிடாமல், கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது, சண்டைக்குக் காரணமான பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக 'கொங்குதேர் வாழ்க்கை' என்று இருக்கிறது, பாடியவர் பெயர் இறையனார் என்று மூன்று படி இறங்கிப் போயிருக்கிறார்கள். படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனே நக்கீரராக நடித்தார் என்ற விவரமும் இருக்கிறது. அப்பச்சி இந்த அட்டையின் கீழ் ரொம்ப நேரம் நின்றார். அவர் காலத்தில் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக்செட்காரர் முதலில் போடுவது இந்தக் கதை வசன இசைத்தட்டைத்தான். படத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் வசனத்தை ஐம்பது தடவை கேட்டார்கள், அப்புறம் ரேடியோவில் ஒலிச்சித்திரம். தருமி புலம்புகிற இடத்தை அப்பச்சி ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிக் காட்டினார், பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்த நாலு நிமிஷத்துக்காகவே நான் இந்தக் கடைக்கு இன்னொரு தடவை போவேன்.

இப்போது என் பெரிய குறை. அட்டைகளில் பேசியவர் பெயர் பெரிதாக இருக்கிறது, படத்தின் பெயர் இருக்கிறது, சிலவற்றில் இயக்குநர் பெயரும் இருக்கிறது. எழுதியவர் பெயர்தான் இல்லை. மொத்தம் 40க்கு மேல் அட்டைகள் இருக்கும், நான் எண்ணிப் பார்த்ததில் வசனகர்த்தா என்று பெயர் போட்டிருப்பது ஒரே ஒரு அட்டையில், 1952ல் வந்த 'பராசக்தி'க்கு மு. கருணாநிதி. 'வானம் பொழிகிறது, பூமி விளைகிறது' அட்டையில் சிவாஜி கணேசன் படம் கம்பீரமாக இருக்கிறது. 1959ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்கு முன்பே சிவாஜி நாடக மன்றம் அதை மேடையில் நடத்தியது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வரிகளை எழுதிய சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எங்கே? அந்த வசனத்தை வைத்துப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மீசை ஒட்டிக்கொண்டு பேசாத பையன்கள் நம்மில் எத்தனை பேர்? நிஜக் கட்டபொம்மன் இப்படித்தான் பேசினார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த அளவுக்கு எழுதிய ஒருவரின் பெயர் சுவரில் இல்லை.

நான் உட்கார்ந்தது பரட்டை மேசை. 1977ல் வந்த '16 வயதினிலே'. 'இது எப்படி இருக்கு' ரஜினி, 'பத்த வச்சுட்டியே பரட்டை' கவுண்டமணி, இரண்டும் ஒரே படத்தில் பிறந்தவை. பாரதிராஜாவின் பெயர் இருக்கிறது, வசனம் எழுதிய கலைமணியின் பெயர் இல்லை. எதிர்ச் சுவரில் 'நான் ஒரு தடவை சொன்னா நூறு தடவை சொன்ன மாதிரி' 1995, அதற்குப் பக்கத்திலேயே 'நாலு பேருக்கு நல்லதுன்னா எதுவுமே தப்பில்ல' 1987. ஒன்று 'பாட்ஷா', மற்றது 'நாயகன்'. இரண்டுக்கும் வசனம் பாலகுமாரன்! ஒரே பேனாவிலிருந்து எட்டு வருஷ இடைவெளியில் வந்த இரண்டு வரிகள் ஒரு முழம் தள்ளித் தொங்குகின்றன, இரண்டையும் சேர்க்கிற அந்தப் பெயர் மட்டும் இல்லை. எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

இதை அப்பச்சியிடம் சொன்னேன். அவருடைய அப்பச்சி, எங்கள் ஐயா, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போய்ப் பினாங்கில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) சேர்ந்து, கடையை நடத்துகிற மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். கடையும் தங்குமிடமும் சேர்ந்த கிட்டங்கியில் படுக்கை, ஒரு பெட்டி, முன்னால் ஒரு சாய்வு மேசை, அவ்வளவுதான் அவர் இடம். அவர் எழுதிய பேரேடு ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, ஒவ்வொரு வரவுக்கும் இன்னார் மூலம் என்று எதிரே ஒரு பெயர் இருக்கும். "யார் பேர்ல வரவுன்னு தெரியாம ஒரு சல்லிகூடப் பேரேட்டுல ஏறாது, ஆத்தா" என்றார் அப்பச்சி. கடையின் ஒரு மூலையில் இந்தச் சொற்களுக்கே தனியாக ஏழெட்டு அட்டைகள் வைத்திருக்கிறார்கள், கொண்டுவிக்க, மேலாள், அடுத்தாள், பெட்டியடி, கிட்டங்கி என்று. அதில் பிழை எதுவும் அப்பச்சி கண்ணில் படவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது, குறிப்பாக இந்த ஊரில். 'கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்' என்று ஒரு அட்டை, கீழே 'கம்பர், யுத்த காண்டம்'. கம்பராமாயணத்தில் அப்படி ஒரு வரி இல்லை. 'விடங்கொண்ட மீனைப் போலும்' என்று தொடங்கி 'கடன்கொண்டார் நெஞ்சம் போலும் கலங்கினான் இலங்கை வேந்தன்' என்று முடிகிற பாட்டு சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தில் வருவது. அவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். கொண்டார் என்பதைப் பட்டார் என்று மாற்றி, கம்பர் தலையிலும் கட்டிவிட்டோம். சரவணன் சார் ஆன கதைதான் இதுவும், என்ன, இது கொஞ்சம் பழைய கதை. வேறு ஊரில் இப்படி எழுதியிருந்தால் விட்டுவிடுவேன். இது சா. கணேசன் 1939ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர், கம்பர் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டை ஒரு பஸ் தூரம். இங்கே ஒரு கடைச் சுவரில் கம்பர் எழுதாத வரி கம்பர் பெயரில் தொங்கக்கூடாது.

பழமொழி அட்டைகளும் எனக்கு ஒப்பவில்லை. 'ஆயிரம் பொய் சொல்லி' என்பது 'ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி' என்பதன் திரிபு, 'ஆயிரம் பேரைக் கொன்றவன்' என்பது 'ஆயிரம் வேரைக் கொன்றவன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற விளக்கங்களை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சினிமா வசனத்துக்கு வருஷம் தேடிப் பிடித்தவர்கள் பழமொழிக்கு மட்டும் ஆதாரம் கேட்காமல் விட்டது ஏன்? கேட்க அழகாக இருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது. பழைய அச்சுப் புத்தகம் ஒன்றில் அந்த வடிவம் இருந்தால் அதைப் போடலாம், இல்லாவிட்டால் மக்கள் சொல்கிற வடிவத்தையே போட்டுவிட்டுப் போகலாம்.

இதற்கு நேர்மாறாக, கண்ணதாசன் அட்டை. இதை எழுதியவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். 1962ல் வந்த 'பாத காணிக்கை'யில் 'வீடு வரை உறவு' பாட்டின் நாலு சொற்கள் இடது பக்கம், அதே வரிசையில் பட்டினத்தாரின் 'அகத்துமட்டே, வீதிமட்டே, சுடுகாடு மட்டே' வலது பக்கம். விளக்கம் ஒரு வரிகூட இல்லை. பார்த்தாலே புரிகிறது, பட்டினத்தார் வீதியோடு நிறுத்திய மாதரைக் கவிஞரும் அதே வீதியில்தான் நிறுத்தியிருக்கிறார். பட்டினத்தார் கடைசியில் பாவ புண்ணியம் கூட வரும் என்று முடிக்கிறார், கவிஞர் 'யாரோ' என்று கேள்வியாக விட்டுவிடுகிறார். சாவு வீட்டில் இந்த வரியைச் சொல்லாமல் யாரும் எழுந்து வருவதில்லை, அதை எழுதியவர் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற சிறுகூடல்பட்டிக்காரர்.

மனோரமா அட்டையும் அருமை. பள்ளத்தூரில் வளர்ந்தவர், அவரை ஊரே ஆச்சி என்று கூப்பிட்டது, இங்கே வீட்டுக்கு வீடு ஒலிக்கிற சொல் அவரோடு சேர்ந்து தமிழ்நாடு முழுக்கப் போனது. 1986ல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் அவர் வருகிற 'கண்ணம்மா, கம்முனு கெட' காட்சியைப் போட்டிருக்கிறார்கள். (விசு எழுதி இயக்கிய படம், அவர் பெயர் இயக்குநர் என்ற முறையில் இருக்கிறது, எழுதியதற்காக இல்லை.) வடிவேலு அட்டைகள் நிறைய, அவற்றில் 'ஆணி' அட்டைதான் முழுமையாக இருக்கிறது, 2001ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து நேசமணி 2019 மே மாதம் ஒரு சுத்தியல் படத்துக்கு யாரோ போட்ட பதிலால் உலகம் முழுக்க டிரெண்டான கதை. மகன் அந்த அட்டையைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினான்.

ஒன்று மட்டும் எவ்வளவு தேடியும் கண்ணில் படவில்லை, 'யாதும் ஊரே யாவரும் கேளிர்'. புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார். அந்தப் பூங்குன்றம் இன்றைய மகிபாலன்பட்டி, திருப்பத்தூர் வட்டம், நம் செட்டிநாட்டு ஊர்தான். 1894ல் உ.வே.சா. புறநானூற்றை அச்சில் கொண்டுவந்த பிறகு மேடை மேடையாகப் போய், 2019ல் ஐ.நா. சபையில் பிரதமர் சொல்கிற வரைக்கும் போன வரி. எல்லாரும் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரி 'தீதும் நன்றும் பிறர்தர வாரா', கடைசியில் 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே'. தமிழில் இவ்வளவு தூரம் போன வாசகம் வேறு எது இருக்கிறது, அதுவும் நம் மண்ணில் பிறந்தது, முகப்பில் நிலைக்கு மேலே முழுப் பாட்டாக எழுதி வைக்க வேண்டாமா?

பில் கொடுக்கும்போது இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். அவருக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். முகம் சுளிக்காமல், "எழுதிக் குடுங்க ஆச்சி, மாத்திடறேன்" என்று பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார். கிருஷ்ணசாமி, கலைமணி, பாலகுமாரன், அருணாசலக் கவிராயர் என்று எழுதினேன். கம்பர் அட்டையை அவர் அப்போதே ஸ்டூல் போட்டு ஏறி, நூலை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து இறக்கிவிட்டார். புது அட்டை வந்ததா என்று அடுத்த மாதம் போய்ப் பார்த்துவிட்டு இங்கேயே சேர்க்கிறேன்.

மூன்று பேருக்கு 960 ரூபாய் ஆனது, ரங்கோன் புட்டு உட்பட. அந்தப் புட்டு கொஞ்சம் உலர்ந்திருந்தது, அதை விட்டுவிட்டுக் கவுனி அரிசி கேளுங்கள். மதியம் 12 முதல் 3 வரைதான், கோலா உருண்டை வேண்டுமானால் உட்கார்ந்த உடனே சொல்லிவிடுங்கள். நிலைப்படி உயரம், அப்பச்சியை இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்றினோம். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் பின் தெரு வாசலைத் திறக்கச் சொல்லுங்கள், அங்கே படி ஒன்றுதான். அட்டைகளில் எழுத்து பொடி, கண்ணாடி எடுத்துப் போக மறக்காதீர்கள்.